இன்னாசிமேரி எடுக்காத அழைப்பு

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் மேரியக்கா. ஞானஸ்நானப் பெயர் இன்னாசிமேரி. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையோரத்தில் இருக்கும் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை. கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளுவண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், உருண்டு முன்னால் வந்து நிற்கும் முட்டைகளை இரண்டு கையாலும் எடுத்து அட்டையில் அடுக்க வேண்டும். அங்கே சத்தம் போடக் கூடாது. கோழி மிரண்டால் முட்டை குறைந்துவிடும் என்பார்கள். அதனாலோ என்னவோ, மேரியக்கா வீட்டிலும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்.

அவர் கணவர் உபகாரசாமி ரிக் வண்டியில் சமையல்காரர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுவதற்காக வடக்கே எங்கெங்கோ போகும். வண்டியோடு போகிற ஆட்களுக்கு மூன்று வேளையும் சோறாக்கிப் போடுவது அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் போர் வேலை இருக்காது என்பதால் அப்போது ஊருக்கு வருவார். மற்ற மாதங்களில் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று காட்டிலும் மேட்டிலும் கிடப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைவிடப் பிரிந்திருந்த காலம்தான் அதிகம். சாயங்காலத்தில் வருகிற ஒரு போன் அழைப்பில்தான் குடும்பம் நடந்தது. சோறுண்டாயா, மழை வந்ததா, ஹெலன் பேசினாளா என்று கேட்பார். அதற்குள் அங்கே டவர் போய்விடும்.

ஹெலன் அவர்களுடைய ஒரே மகள். சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கித் தர வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேரியக்கா பிடி கொடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பண்ணையில் அவரோடு வேலை செய்யும் மாரக்காளுக்கு ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இந்தியும் உடைந்த தமிழுமாக ஒரு ஆள் படபடவென்று பேசினான். உன் புருஷன் லாரி ஆக்சிடென்ட் ஆகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உடனே பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றான். மாரக்காளின் கணவர் லாரி டிரைவர்தான். அவள் அழுதுகொண்டே மகனைக் கூப்பிட்டு, அவன் போனிலிருந்து இருந்ததையெல்லாம் அனுப்பச் சொன்னாள். பிறகு பார்த்தால் அந்த மனிதர் ஓமலூர் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். போன பணம் போனதுதான். மாரக்காளுக்குப் பணத்தைவிட, தான் அழுத அழுகையை நினைத்துத்தான் ஆறவில்லை. அன்றிலிருந்து பண்ணைப் பெண்கள் எல்லோருக்கும் போன் என்றாலே ஒரு பயம்.

இருந்தாலும் அந்த மழைக்காலத்தில் ஊருக்கு வந்திருந்த உபகாரசாமி மகள் பக்கம் சேர்ந்துகொண்டார். ரிக்கில் மற்றவர்களெல்லாம் வீட்டு ஆட்களை முகம் பார்த்துப் பேசுகிறார்கள், நான் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அவர் வாய்விட்டு ஒன்று கேட்பது அபூர்வம். மேரியக்கா சரியென்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் ஹெலன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புதுப் போனைப் பிரித்தாள். நம்பரை மாற்ற வேண்டாம் என்று உபகாரசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். பழைய சிம்மையே எடுத்துப் போட்டாள். மொழியைத் தமிழாக மாற்றினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள். பூட்டுக்கு விரல் ரேகை வைக்கலாம் என்று பார்த்தால் மேரியக்காவின் விரலில் ரேகையே சரியாகப் பதியவில்லை. பண்ணையில் அட்டையும் கம்பியும் சுண்ணாம்பும் பிடித்துப் பிடித்துத் தேய்ந்து போயிருந்தது. எந்த விரலை வைத்தாலும் போன் மறுபடி வை, மறுபடி வை என்றது. கடைசியில் புள்ளிகளைக் கோடாக இணைக்கிற பூட்டு. மேரியக்கா 'ட' எழுதினார். அது எல்லோரும் போடுவதுதான் என்று ஹெலன் சொல்ல, கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்று போட்டார். என்னவென்று மகளுக்கும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஹெலன் மெச்சிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் முக்கியமான பாடம். மெசேஜில் நீல எழுத்தாக எது வந்தாலும் தொடக் கூடாது. போனுக்கு வருகிற ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது. தப்பித்தவறி எடுத்து, இந்தியில் பேசினாலோ ஆஸ்பத்திரி, போலீஸ் என்று பயம் காட்டினாலோ, அந்த நிமிஷமே கட் பண்ணி அந்த நம்பரை பிளாக் பண்ணிவிட வேண்டும். பிறகு சம்பந்தப்பட்ட ஆளையே நேராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிளாக் பண்ணுவது எப்படி என்று ஹெலன் தன் தோழி ஒருத்தியை அழைக்கச் சொல்லி, அந்த நம்பரிலேயே செய்து காட்டினாள். அம்மாவையும் செய்யச் சொன்னாள். மேரியக்கா ஜெபம் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த உபகாரசாமி, "ஆமா மேரி, தெரியாத நம்பரு எதையும் எடுத்துப்போடாத. என்ன ஏதுன்னு என்ற நம்பருக்கே போட்டுக் கேளு," என்றார்.

"சரிங்க," என்றார் மேரியக்கா.

மழை ஓய்ந்து அவர் வண்டியேறிய பிறகு, அந்தப் போன் அவர்கள் வாழ்க்கையில் கொண்டுவந்த சந்தோஷத்தைத் தெருவே பார்த்தது. சாயங்காலமானால் மேரியக்கா முகம் கழுவிப் பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசல் விளக்கடியில் வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். உபகாரசாமிக்குப் போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. பாதி நாள் நெற்றியும் வானமும்தான் தெரியும். ஒருநாள் போர் போட்ட இடத்தில் தண்ணீர் பீறிட்டு அடித்ததை ஓடிப்போய்க் காட்டினார். சேறும் தண்ணீருமாக அது மரத்துக்கு மேல் எழும்பியதை மேரியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் சொல்லிக் கேட்டிருக்கிறார். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். சோறு வடிக்கிற பெரிய குண்டாவைக் காட்டினார். சந்தையில் தான் பேசுகிற இந்தியைப் பேசிக் காட்டினார். வெங்காயம், உருளைக்கிழங்கு, உப்பு, ஒன்று முதல் நூறு வரை எண்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த இந்தி. அவருக்கு முன்பல் ஒன்று விழுந்திருப்பதை மேரியக்கா அதில் கண்டுபிடித்தார். மேரியக்காவின் தலை இவ்வளவு நரைத்துவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டார். ஊருக்கு வந்திருக்கும்போதுகூட இருவரும் இப்படி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை என்று மேரியக்காவே என்னிடம் வெட்கத்தோடு சொன்னார்.

தவக்காலம் தொடங்கியிருந்த சமயம். நல்ல வெயில். பண்ணையில் மத்தியானச் சுற்று நடந்துகொண்டிருந்தது. கோழி மிரளாமல் இருக்க மேரியக்கா போனை எப்போதும் அதிர்கிறபடிதான் வைத்திருப்பார். இடுப்புப் பையில் அது அதிர்ந்தது. கணவர் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். கை முட்டையில் இருந்ததால், எடுத்துப் பார்ப்பதற்குள் பச்சையில் விரல் பட்டுவிட்டது.

ஒரு ஆண் குரல், சத்தமாக, அவசரமாக, இந்தியில். பின்னால் நிறையப் பேர் பேசுகிற இரைச்சல். அதில் ஆக்சிடென்ட் என்ற சொல்லும் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு சொல்லும் அவருக்கு விளங்கின. மாரக்காளுக்கு வந்த போன் அப்படியே வரி பிசகாமல் தனக்கும் வருகிறது என்று நினைத்தார்.  பாடம் மறக்கவில்லை. கட் பண்ணினார்.

உடனே அதே நம்பர் மறுபடி வந்தது. எடுக்கவில்லை. சிவப்பை அழுத்திவிட்டு, ஹெலன் காட்டியபடி ஒவ்வொன்றாகத் தொட்டு அந்த நம்பரை பிளாக் செய்தார். கொஞ்ச நேரத்தில் வேறொரு புது நம்பர் வந்தது. அதையும் எடுக்காமல் பிளாக் செய்தார்.

பக்கத்து வரிசையிலிருந்து மாரக்காள் என்னவென்று கேட்டாள்.

"உனக்கு வந்துதே, அதே கதை. ஆக்சிடென்டாம்," என்றார் மேரியக்கா.

"வுடாம அடிப்பானுங்க. எடுத்துறாத," என்றாள் மாரக்காள்.

பாடத்தில் மீதமிருந்ததையும் மேரியக்கா செய்தார். கணவரின் நம்பருக்குப் போட்டார். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. போர் போடுகிற இடம் காட்டுக்குள் இருந்தால் பல நாள் பகலில் அப்படித்தான் வரும். சாயங்காலம் அவரே கூப்பிடுவார். இருந்தாலும் மனம் கேட்காமல் மகளைக் கூப்பிட்டார். ஹெலன் கடையில் கூட்டத்துக்கு நடுவே இருந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரெண்டையும் பிளாக் பண்ணிட்டியா? நல்ல வேல செஞ்சம்மா. அப்பா சைட்ல இருப்பாரு. சாயங்காலம் பேசிக்கலாம்."

மேரியக்கா போனைப் பையில் போட்டுக்கொண்டு மீதி முட்டையை எடுக்கப் போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில், பண்ணைக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அதிர்ந்தது. இந்தத் தடவை பெயர் தெரிந்தது: தங்கசாமி. அவர் அந்த ரிக்கின் டிரில்லர். துளை போடுகிற இயந்திரத்தை ஓட்டுகிறவர், பக்கத்து ஊர்க்காரர். அவர் நம்பரை உபகாரசாமிதான் போன மாதம் அனுப்பிச் சேர்க்கச் சொல்லியிருந்தார். தங்கசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சந்தையில் காய் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்த உபகாரசாமியை ஒரு டிராக்டர் அடித்துப் போட்டிருந்தது. போன் அந்த இடத்திலேயே நொறுங்கிவிட்டது. கடைக்காரர்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரிக் நிற்கிற காட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தங்கசாமியும் மற்றவர்களும் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால் உயிர் பிரிந்திருந்தது.

மேரியக்கா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாகவும், தான் போய் மூடியதாகவும் மாரக்காள் பிறகு சொன்னாள். அந்த இரண்டு நம்பர்களின் நினைவு மேரியக்காவுக்கு அப்போதே வந்ததா என்று நான் கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுத்த அந்த நொடியிலேயே வந்துவிட்டது என்று பின்னொரு நாள் அவராகவே சொன்னார்.

ரிக் முதலாளி ஏற்பாடு செய்த ஆம்புலன்சில் உடல் அவ்வளவு தூரமும் கடந்து வந்து சேர்ந்தது. தங்கசாமி கூடவே வந்தார். தெருவே கூடி நின்றது. ஹெலன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். மேரியக்கா சத்தமே போடவில்லை. கண்ணாடி வழியாகக் கணவரின் முகத்தைக் குனிந்து பார்த்தபடி இருந்தார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து முடித்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் தங்கசாமி வீட்டுக்கு வந்தார். உபகாரசாமியின் துணிப்பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லத் தொடங்கினார்.

"அண்ணன் கடைசியா உங்களத்தான் தேடியிருக்காருங்க. உங்க நம்பர அவரே இந்தில ஒண்ணொண்ணாச் சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தரு தன்னோட போன்லருந்து அடிச்சாராம். லைன் சரியாக் கெடைக்கலையாட்ட இருக்குதுங்க."

 ஹெலன் எழுந்து உள்ளே போய்விட்டாள்.  மேரியக்கா போனை எடுத்து, பூட்டைத் திறந்து, பிளாக் செய்த நம்பர்கள் இருக்கிற இடத்துக்குப் போனார். அங்கே இரண்டு நம்பர்கள்தான் இருந்தன. முதல் நம்பரை விடுவித்துத் தங்கசாமியிடம் நீட்டினார்.

"லைன் கெடச்சுதுங்க. நாந்தான் எடுக்கல. அவருகிட்டப் பேசி, என்ன நடந்துதுன்னு கேட்டுச் சொல்லுங்க சாமி."

தங்கசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. வேண்டாம் அக்கா என்று எவ்வளவோ சொன்னார். மேரியக்கா நீட்டிய கையை மடக்கவில்லை.

அந்த ஆள் எடுத்தார். வார்டில் வேலை செய்கிற நடுத்தர வயதுக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. தங்கசாமி இந்தியில் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார். முதல் தடவை தானே பேசியதாக அந்த ஆள் சொன்னார். தன் இந்தி அந்தம்மாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, கட்டாகிவிட்டது. அதனால் இரண்டாம் தடவை அடித்து, போனை உபகாரசாமியின் காதிலேயே வைத்துப் பிடித்திருக்கிறார். மணி அடிப்பதைக் கேட்டதும் அவர் பேசுவதற்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டாராம். அதுவும் கட்டாகிவிட்டது. பிறகு நர்சின் போனிலிருந்து ஒரு தடவை முயன்றார்கள். மறுபடியும் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு உபகாரசாமி கையை ஆட்டிவிட்டாராம். போதும் என்பதுபோல.

"அப்ப அவரு மொகம் எப்புடி இருந்துதுன்னு கேளுங்க," என்றார் மேரியக்கா. "கோவமா இருந்தாரான்னு கேளுங்க."

தங்கசாமி கேட்டார்.  வார்டில் அன்று நிறையப் பேர் இருந்ததாகவும், முகத்தைக் கவனிக்கவில்லை என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் அந்த ஆள் சொன்னார். உபகாரசாமி தமிழில் ஏதோ கொஞ்சம் பேசினாராம். அது யாருக்கும் புரியவில்லை. அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் அந்த ஆளுக்குத் தெரியும். தங்கசாமி நன்றி சொல்லி வைத்தார்.

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹெலன் வெளியே வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். தான்தான் சொல்லிக் கொடுத்தது, தான்தான் நல்ல வேலை செய்தாய் என்று சொன்னது, அப்பாவைத் தான்தான் பேசவிடாமல் செய்தது என்று அரற்றினாள். மேரியக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நீ சொன்னதில் தப்பில்லை, மாரக்காளுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு வேறென்ன சொல்லுவாய் என்றார். அப்பாவே அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தானே சொன்னார் என்றார்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஹெலன் வந்திருந்தபோது, அப்பா சொன்ன அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அப்பா கையை ஆட்டியதற்கு அர்த்தம் இருக்கிறது என்றாள். தெரியாத நம்பரை எடுக்காதே என்று சொன்னவரே அவர்தான். அது நினைவுக்கு வந்திருக்கும். அம்மா எடுக்க மாட்டாள், சொன்னபடி நடக்கிறாள் என்று புரிந்துகொண்டுதான் போதும் என்றிருப்பார். அவள் இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். எங்களுக்கெல்லாம் அது சரியென்றுதான் பட்டது. ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றோம்.

மேரியக்கா மட்டும் எழுந்து சாப்பிட்ட தட்டுகளை எடுக்கத் தொடங்கினார். எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அந்தப் புள்ள அப்புடி நெனச்சுக்கட்டும். அலுத்துப் போயும் கைய ஆட்டியிருக்கலாமில்ல. இவ்வளவு வருசம் கழிச்சு, இவளுக்கு ஒரு போன எடுக்க முடியலையேன்னு. எனக்கு எப்புடித் தெரியும், சொல்லு. பக்கத்துல இருந்தவனுக்கே தெரியல."

 கழுவிய பாத்திரங்களை வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பண்ணை வேலையை அவர் விடவில்லை. போனையும் விடவில்லை. ஆனால் இப்போது எந்த அழைப்பு வந்தாலும் எடுக்கிறார். தெரிந்தது, தெரியாதது என்ற கணக்கே கிடையாது. மத்தியானச் சுற்றில் அதிர்ந்தாலும் முட்டையைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறார். கடன் வேண்டுமா என்று பதிவு செய்த குரல் பேசினால் அது முடிகிறவரை கேட்டுவிட்டு, "வேண்டாஞ் சாமி" என்கிறார். அது மெஷின் பேசுகிறது, நீ சொல்வது அதற்குக் கேட்காது என்று மாரக்காள் சொன்னால், தெரியும் என்கிறார். இந்தியில் யாராவது பேசினால், இருங்க, இருங்க என்று தமிழில் சொல்லிக்கொண்டே பண்ணையில் வேலை செய்கிற பீகார்ப் பெண்ணைத் தேடி ஓடுகிறார். ஒருமுறை அது நிஜமாகவே ஏமாற்றுக்காரனாக இருந்தது. அந்தப் பெண் திட்டி வைத்தாள். அப்படியும் மேரியக்கா அந்த நம்பரை பிளாக் செய்யவில்லை.

ஹெலனுக்கு இது பெரிய கவலை. யாராவது அம்மாவை மோசம் செய்துவிடுவார்கள் என்று பயம். ஆனால் எடுக்காதே என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வங்கிக் கணக்கு எதையும் அந்தப் போனில் சேர்க்காமல் பார்த்துக்கொண்டாள். தன் நம்பரையும், தங்கசாமியின் நம்பரையும், அந்த பீகார்ப் பெண்ணின் நம்பரையும் பூட்டைத் திறக்காமலே கூப்பிடுகிற மாதிரி வைத்துக் கொடுத்தாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹெலன் சேலத்திலிருந்து வந்திருந்தாள். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பெயரில்லாத நம்பர். ஹெலன் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தாள். மேரியக்கா இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். யாரோ கோழித்தீவனம் ஏற்றி வந்த லாரிக்காரர், வேறொரு பண்ணையின் வழி கேட்டு நம்பர் தவறி அழைத்திருந்தார்.

மேரியக்கா அவருக்கு நிதானமாக வழி சொன்னார். புதுச்சத்திரம் தாண்டி எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்தக் கோயிலுக்குப் பக்கத்து மண்பாதை, மழை பெய்திருந்தால் வண்டி எங்கே சிக்கும் என்றெல்லாம் சொன்னார். அந்த ஆள் போதும் என்ற பிறகும், பார்த்துப் போங்க சாமி என்று சொல்லி, அவர் வைக்கிறவரை காத்திருந்தார்.

ஹெலன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை. மேரியக்கா போனைத் துண்டால் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.